செயற்கைக் கால் 'உண்டு' என்று எழுதிவைத்தால் போதாது

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் உள்ள முதியோர் இல்லங்களுக்குச் செயற்கை உறுப்புகளைப் பொருத்திச் சரிபார்ப்பதற்காகச் சென்றுவருபவள் நான். அங்குள்ள கோப்புகளில் திரும்பத் திரும்பக் காணும் ஒரு வரியைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். பெருந்துறைப் பக்கம் அண்மையில் ஒரு பெரியவரைப் பார்த்த பிறகு இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை. 'செயற்கைக் கால்: உண்டு' என்பதே அந்த வரி.

அவர் மஞ்சள் மண்டி நடத்தியவர். சர்க்கரை நோயால் வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டிருந்தாலும், இல்லத்தில் சேர்ந்த அன்று செயற்கைக் காலைப் போட்டுக்கொண்டு கைத்தடியுடன் தாமாகவே நடந்து வந்திருக்கிறார். அன்று எழுதப்பட்ட 'உண்டு', பின்னர் வந்த ஒவ்வொரு மதிப்பீட்டிலும் முந்தைய தாளைப் பார்த்து அப்படியே பெயர்த்து எழுதப்பட்டிருக்கிறது. காலைக் காட்டுங்கள் என்றேன். "பீரோ மேல பத்திரமா வெச்சிருக்கறோமுங்க" என்று பணிப்பெண் எடுத்து வந்தார். எஞ்சிய கால் நுழையும் கிண்ணம் போன்ற பகுதியான சாக்கெட்டின் விளிம்பில் தூசி படிந்திருந்தது. தோலுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே அணியும் மெத்தென்ற உறையான லைனர் உள்ளேயே சுருண்டு ஒட்டிக் கிடந்தது. காய்ச்சலில் படுத்தபோது கழற்றிய கால், எழுந்த பிறகு ஏறவில்லை; ஏன் ஏறவில்லை என்று எவரும் எவரையும் கேட்கவில்லை. அதற்குள் ஸ்டம்ப், அதாவது எடுத்தது போக எஞ்சிய கால், வீங்கி, முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிட்டது. "வயசாயிப்போச்சு அம்மிணி, இனிக் காலெதுக்கு" என்றார் பெரியவர். அவர் காலைப் போடாததற்குக் காரணம் வயதில்லை, பொருந்தாத சாக்கெட்.

ஒருவரிடம் கால் இருப்பது வேறு, அவர் அதைப் போட்டு நடப்பது வேறு. தோட்டத்தில் கிணறு இருக்கிறது என்று பத்திரத்தில் எழுதியிருப்பதால் அதில் தண்ணீர் இருப்பதாகவோ, மோட்டார் ஓடுவதாகவோ எந்த விவசாயியும் நம்பமாட்டார். கோப்பில் மட்டும் நாம் அப்படி நம்பிவிடுகிறோம். 'உண்டு' என்ற சொல்லைப் படிக்கும் புதிய செவிலியர் இவர் நடப்பவர் என்று எண்ணுகிறார். வாரம் ஒருமுறை வரும் மருத்துவரும் அவ்வாறே எண்ணுகிறார். வெளியூரிலிருந்து அலைபேசியில் விசாரிக்கும் மகனுக்கும் அதுவே பதிலாகச் சொல்லப்படுகிறது. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: வெளியே செல்லச் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர் என்பதற்காக, அறைக்குள் செயற்கைக் காலோடு நன்றாக நடப்பவரையும் 'சக்கர நாற்காலி' என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிடுவது.

அமெரிக்காவில் அரசின் மெடிகேர், மெடிக்கெய்டு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் பணம் பெறும் முதியோர் பராமரிப்பு நிலையங்கள் எம்.டி.எஸ். எனப்படும் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பியாக வேண்டும். அதன் நடமாட்டக் கருவிகள் பகுதியில் கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி ஆகியவற்றோடு செயற்கை உறுப்பும் தனியாக இடம்பெற்றிருக்கிறது. அங்கே கேட்கப்படுவது, கடந்த 7 நாட்களில் இவர் வழக்கமாக எவற்றைப் பயன்படுத்தினார் என்பதுதான். பொருந்துவன அனைத்தையும் குறிக்கலாம். அந்த நீண்ட படிவம் முழுவதையும் இங்கே இறக்குமதி செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை; அந்த ஒரு கேள்வியைக் கடன் வாங்கினால் போதும்.

அதோடு இன்னும் சிலவற்றை எழுதுங்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறார், தாமாகவே போடுகிறாரா அல்லது ஒருவர் உதவ வேண்டுமா, சாக்கெட்டில் இடைவெளி விழாமல் இருக்க ஸ்டம்பின் மேல் போடும் சாக்ஸ் காலையில் எத்தனை, மாலையில் எத்தனை என்பவை பதிவாக வேண்டும். ஸ்டம்ப் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. சாக்ஸ் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் சாக்கெட் தளர்ந்துவிட்டது என்று பொருள். நடக்கும் திறனை மதிப்பிடும்போது காலைப் போட்டுக்கொண்டா, போடாமலா என்பதைக் குறிப்பிடாவிட்டால் அந்தப் பதிவால் எவருக்கும் பயனில்லை. எடை பார்க்கும்போதும் இப்படித்தான். ஒரு மாதம் காலோடும் மறுமாதம் கால் இல்லாமலும் எடை எடுத்துவிட்டு, "இளைத்துவிட்டார்" என்று சத்துமாவு எழுதிக்கொடுத்த கதையெல்லாம் எனக்குத் தெரியும். போலியோவுக்குப் போடும் காலிப்பரைச் செயற்கைக் கால் என்று எழுதுகிறவர்களுக்கு: அது இருக்கும் காலைத் தாங்குவது, இல்லாத காலுக்கு மாற்று அன்று.

எல்லாவற்றிலும் முக்கியமானது, போடவில்லையென்றால் காரணம் என்ன என்பது. 'விருப்பமில்லை' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். நான் பார்த்தவரை அந்தச் சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் வலியோ, புண்ணோ, வீக்கமோ, போட்டுவிட ஆள் இல்லாத நிலையோதான் இருக்கிறது. லைனரைத் தினமும் கழுவி உலர்த்துங்கள். கழற்றியதும் தோலைப் பாருங்கள். சர்க்கரை நோயாளிக்கு உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும் என்பதால் வலிக்கிறதா என்று கேட்பது மட்டும் போதாது. அரை மணி கழிந்தும் சிவப்பு மறையவில்லை என்றால் அன்று மீண்டும் போடாமல், பொருத்தியவரை அழையுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பதை நிறுத்துங்கள். இதமாக இருக்கட்டும் என்று வைப்பதுதான் மூட்டை மடங்கவைக்கிறது. இரவில் தூக்கக் கலக்கத்தில் கால் இருப்பதாகவே எண்ணி எழுந்து விழுபவர்கள் உண்டு. கட்டிலருகே விளக்கும் கைக்கெட்டும் தூரத்தில் அழைப்பு மணியும் இருக்கட்டும்.

பெற்றோரைச் சேர்க்க வரும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். காலை மட்டும் பையில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். மாற்று சாக்ஸ், பொருத்திய மையத்தின் அட்டை, வழக்கமாக அணியும் செருப்பு ஆகியவற்றையும் கொடுங்கள். குதிகால் உயரம் மாறினால் நடையே மாறிவிடும். அப்பா வீட்டில் எங்கிருந்து எங்குவரை நடப்பார் என்பதைச் சேர்க்கும் அன்றே செவிலியரிடம் சொல்லி, உங்கள் கண் முன்னால் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை அலைபேசியில் பேசும்போது "அப்பா நல்லா இருக்காரா" என்பதோடு, "இந்த வாரம் எத்தனை நாள் காலைப் போட்டார்" என்றும் கேளுங்கள்.