மாத்திரை மூளைக்குப் போகிறது, ஹோமோசிஸ்டீன் ஏன் ஏறுகிறது?

"அப்பாவுக்குப் பார்க்கின்சன். சில வருடங்களாக லெவோடோப்பா மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் அதிகம் என்று வந்திருக்கிறது. மாத்திரைதான் காரணமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஹோமோசிஸ்டீன் என்பது உடலில் உருவாகும் ஓர் அமினோ அமிலம். அது ஏறுவதில் மாத்திரைக்கும் பங்கு இருக்கலாம்.

பார்க்கின்சனில் டோபமைன் சுரக்கும் மூளைச் செல்கள் அழிகின்றன. டோபமைனை நேரடியாகக் கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதன் மூலப்பொருளான லெவோடோப்பா நுழையும். வழியிலேயே அது டோபமைனாக மாறிவிடாமல் இருக்க, மாற்றும் நொதியை முடக்கும் கார்பிடோப்பாவையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இதுவரை பலரும் அறிந்த கதை.

சரி, அந்த வழியை அடைத்தால் லெவோடோப்பா சும்மா இருக்குமா? காம்ட் என்ற இன்னொரு நொதி அதைப் பிடித்து, ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட மெத்தில் துணுக்கை அதன்மேல் ஒட்டிவிடுகிறது. அப்படி உருவாகும் 3-ஓ-மெத்தில்டோப்பாவால் நோயாளிக்குப் பயனில்லை. லெவோடோப்பா சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும்; இந்த 3-ஓ-மெத்தில்டோப்பா பாதியாகச் சுமார் 15 மணி நேரம் ஆகும். வேளாவேளைக்கு மாத்திரை போடப் போட, இது ரத்தத்தில் தேங்கும்.

அந்த மெத்தில் எங்கிருந்து வந்தது? எஸ்-அடினோசில்மெத்தியோனின், சுருக்கமாக 'சாம்', கொடுத்தது. டிஎன்ஏவில் குறியிடுவதற்கும் கிரியாட்டின் தயாரிப்பதற்கும் மெத்தில் தருவது இதே சாம்தான். கொடுத்து முடித்தபின் அதில் எஞ்சுவது ஹோமோசிஸ்டீன். காம்டிடம் சிக்கும் ஒவ்வொரு லெவோடோப்பாவுக்கும் ஒரு ஹோமோசிஸ்டீன் உருவாகும். 100 மில்லிகிராம் லெவோடோப்பாவில் 3-க்குப் பின்னால் 20 சுழியங்கள் போடும் அளவுக்கு மூலக்கூறுகள் உண்டு. அதில் ஒரு பங்கு மட்டும் காம்டிடம் போனாலும் எத்தனை சாம் செலவாகிறது பாருங்கள்!

உடல் இந்த ஹோமோசிஸ்டீனை வீணாக்குவதில்லை. ஃபோலேட் புதிய மெத்தில் கொண்டுவர, வைட்டமின் பி12 அதை வாங்கி ஹோமோசிஸ்டீனுக்குக் கொடுக்கும். அது மெத்தியோனினாகி, மறுபடி சாமாகும். இன்னொரு வழியில், பி6 உதவியுடன் ஹோமோசிஸ்டீன் வேறு பொருளாக மாறி வெளியேறும். கார்பிடோப்பாவின் வேலை எனக்கு மிக அழகாகத் தெரிவது இங்கேதான். அது முடக்கும் நொதி பி6 இல்லாமல் இயங்காது. கார்பிடோப்பா அந்தப் பி6-ஐயே போய்ப் பற்றிக்கொள்கிறது. நொதிக்கு வெளியே இருக்கும் பி6-ஐயும் அது விடுவதில்லை. ஒருபக்கம் ஹோமோசிஸ்டீன் பெருக, மறுபக்கம் அதைக் கழிக்கும் வழியும் குறுகலாம்.

இந்த வைட்டமின்களுக்குக் காப்புரிமை கிடையாது, விலையும் குறைவு. அதனால் இவற்றைக் கொடுத்தால் பயன் உண்டா என்று பார்க்கும் பெரிய ஆய்வுகளுக்குச் செலவழிக்க மருந்து நிறுவனங்களுக்கு லாபக் காரணம் இல்லை. அரசுப் பணம் போக வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

அப்பாவின் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீர் நிறுத்தம் ஆபத்தானது. அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது பி12, ஃபோலேட், பி6 அளவுகளைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பாதங்களில் மரத்துப்போதல் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். பி6 மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். அது குறைந்தாலும் சரி, அளவு மீறினாலும் சரி, நரம்புகள் கெடலாம்.