ஒரு முழம் என்றால் எவ்வளவு?

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் பூ விற்கிறவர்கள் அளவுகோல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. நடுவிரல் நுனியில் சரத்தின் முனையைப் பிடித்து முழங்கை வரைக்கும் இழுத்தால் ஒரு முழம், அவ்வளவுதான். விற்கிற அக்காவுக்கு வீட்டுமொழி தமிழ், வாங்குகிறவருக்குக் கன்னடம். இவர் முழம் என்பார், அவர் மொள என்பார். கை கொஞ்சம் மடங்கினால் போதும், "ஏனம்மா, மொள இஷ்டு சிக்கதா?" (முழம் இவ்வளவு சின்னதா?) என்று கேள்வி வந்துவிடும். "இல்லக்கா, சரியா நோடி (பாருங்க)" என்று இரண்டு மொழியையும் கலந்து சொல்லிக்கொண்டே சரத்தைத் திரும்ப எடுத்து, இந்தத் தடவை விரலை நன்றாக நீட்டி அளந்து காட்டுவார், அந்த நீட்டலில் நாலு விரற்கடை பூ கூடுதலாகவே வரும்.

ஒருவர் கை நீளம் இன்னொருவருக்கு இல்லை. ஆனாலும் முழம் என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பொருள் அவரவர் மனசுக்குள் இருக்கிறது, பேசும்போது அதை எடுத்து வெளியே வைக்கிறோம் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். தத்துவவாதி லுட்விக் விட்கென்ஸ்டைன் இதை ஏற்கவில்லை. அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1953இல் வெளிவந்த 'தத்துவ ஆய்வுகள்' நூலில் ஒரு சோதனை வருகிறது. ஒருவர் தனக்குள் வரும் ஏதோ ஓர் உணர்வுக்கு ஒரு குறி வைத்துக்கொண்டு, அது வருகிற நாளெல்லாம் டைரியில் அந்தக் குறியை எழுதுகிறார். இன்றைக்கு வந்தது அன்றைக்கு வந்த அதே உணர்வுதானா என்று எப்படிச் சரிபார்ப்பார்? அவருக்கு எது சரி என்று தோன்றுகிறதோ அதுதான் சரி என்றாகிவிடும், அப்படியானால் சரி, தப்பு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. தப்பு என்று சொல்ல இன்னொரு ஆளுக்கு வழியே இல்லாத இடத்தில் மொழி உருவாகாது என்பது அவர் வாதம். அதே நூலில் அளப்பதைப் பற்றியும் சொல்கிறார்: எப்படி அளப்பது என்ற விதியில் மட்டும் ஒத்துப்போனால் போதாது, அளந்து பார்த்தால் கிடைக்கிற விடையிலும் மனிதர்கள் பெரும்பாலும் ஒத்துப்போக வேண்டும், அப்போதுதான் அளத்தல் என்ற ஒன்றே இருக்கும். பூக்கடையில் நடப்பது அதுதான்.

சரி, தத்துவம் இருக்கட்டும், இந்த ஒத்துப்போதல் எப்படி வருகிறது? யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லையே. 2015இல் டேமன் சென்டோலா, ஆண்ட்ரியா பரோன்கெல்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இணையத்தில் ஒரு விளையாட்டு நடத்தினார்கள். இரண்டிரண்டு பேருக்கு ஒரு முகத்தைக் காட்டி, பெயர் வைக்கச் சொன்னார்கள். இருவரும் ஒரே பெயரைச் சொன்னால் பரிசு, இல்லாவிட்டால் இழப்பு. அப்புறம் ஜோடி மாறும். மொத்தம் எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் உள்ள சிலரோடு மட்டுமே திரும்பத் திரும்ப ஆடிய குழுக்களில் ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொரு பெயர் நிலைத்தது. யாரோடு வேண்டுமானாலும் ஜோடி சேர நேர்ந்த குழுக்களில் முதலில் ஒரே குழப்பம், பிறகு திடீரென்று எல்லோரும் ஒரே பெயருக்கு வந்து சேர்ந்தார்கள். தலைவர் இல்லை, ஓட்டெடுப்பு இல்லை. யார் யாரோடு கலக்கிறார்கள் என்பது மட்டும்தான் முடிவை மாற்றியது.

நிலைத்த பொருளைப் பாதுகாப்பது இன்னொரு வேலை. அதற்கு நம்மிடம் உள்ள கருவி "ஆங்?" என்பதுதான், சும்மா சொல்லவில்லை. 12 மொழிகளில் இயல்பான பேச்சைப் பதிவு செய்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் பேச்சை நிறுத்தி, புரியாததைச் சரிசெய்துகொள்வது தெரிந்தது. அதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. ஒன்றுமே காதில் விழாவிட்டால்தான் "ஆங்?" என்பார்கள், பாதி புரிந்திருந்தால் "யாரு?" என்று குறிப்பாகக் கேட்பார்கள், ஏறக்குறைய புரிந்துவிட்டால் "நாளைக்கா சொல்றீங்க?" என்று தானே ஒரு விடையை வைத்து உறுதி செய்துகொள்வார்கள். எதிராளிக்கு எவ்வளவு குறைவாகச் சிரமம் தர முடியுமோ அவ்வளவு குறைவாக. இலக்கணத்தைவிட இந்த மரியாதைதான் எனக்குப் பெரிய அதிசயமாகப் படுகிறது.

இதெல்லாம் தலைமுறைக்கணக்கில் ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு மகாராஷ்டிர, கர்நாடக எல்லையை ஒட்டிய குப்வார் என்ற ஊர் சாட்சி. அங்கே கன்னடம், மராத்தி, உருது பேசுகிறவர்கள் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்திருந்தார்கள். ஆய்வாளர்கள் ஜான் கம்பர்ஸும் ராபர்ட் வில்சனும் 1971இல் எழுதியபடி, அந்த ஊர்ப் பேச்சில் மூன்று மொழிகளின் வாக்கிய அமைப்பும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டிருந்தது, சொற்கள் மட்டும் அப்படியே தனித்தனியாக நின்றன. வயலிலும் சந்தையிலும் கலந்தார்கள், வீட்டுக்குள் அவரவர் மொழியைப் பேசினார்கள். கலந்ததால் எந்த மொழியும் அங்கே அழியவில்லை.

அதனால்தான் பெங்களூருத் தமிழில் கன்னடம் கலக்கிறது என்று யாராவது வருத்தப்பட்டால் எனக்கு அந்த வருத்தம் வருவதில்லை. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் அந்தக் கலப்பு வாழ்ந்து பெற்றது. எனக்குக் கவலை வேறு இடத்தில். புதிதாக வந்த ஒருவர் தட்டுத்தடுமாறிக் கன்னடத்தில் இரண்டு வார்த்தை பேசத் தொடங்கும்போது சிலர் சிரித்துவிடுகிறார்கள், சிலர் நல்லெண்ணத்தோடு உடனே தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ மாறிவிடுகிறார்கள். இரண்டிலும் திருத்துகிற அந்த ஒரு நிமிடம் நடக்காமல் போகிறது. சிரிப்புக்குப் பயந்தவர் அடுத்த தடவை "ஆங்?" என்று கேட்கமாட்டார், பேசாமல் தலையை ஆட்டிவிட்டுப் போவார்.