மருத்துவ மானிடவியலுக்கு விண்ணப்பிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

திருத்தித் தரச் சொல்லி இந்த வாரமும் ஒரு எஸ்.ஓ.பி. (ஏன் இந்தப் படிப்பு என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதும் விண்ணப்பக் கட்டுரை) வந்தது. முதல் வரி: "டாக்டராவது என் சிறுவயதுக் கனவு. மருத்துவபீடத்துக்கு இசட் ஸ்கோர் காணாததால் மருத்துவ மானிடவியலைத் தெரிவு செய்தேன்." போன மாதம் வந்ததும் இதேதான். ஹட்டனிலிருந்தும் வருகிறது, பண்டாரவளையிலிருந்தும் வருகிறது. யார் யாரைப் பார்த்து எழுதுகிறார்களோ தெரியாது.

மருத்துவ மானிடவியல் என்பது நோயையும் வைத்தியத்தையும் மக்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராயும் சமூகப் படிப்பு. இதை முடித்தால் நீங்கள் வைத்தியர் ஆகமாட்டீர்கள். மருந்து எழுத முடியாது. இலங்கை மருத்துவ சபையில் பதிய முடியாது. தாதியாகவோ மருந்தாளராகவோகூட முடியாது. கலாநிதிப் பட்டம் வரை போனால் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடலாம். அப்போதும் பக்கத்து லயத்தில் (தோட்டத்து வரிசைக் குடியிருப்பில்) ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் 1990 அம்புலன்ஸுக்குத்தான் அடிக்க வேண்டும். ஏ.எல்.இல் பயோ செய்திருக்க வேண்டும் என்பதும் யாரோ கிளப்பிவிட்ட கதை. சமூகவியலோ வரலாறோ படித்தவர்கள் தாராளமாகப் போகலாம். "முடிச்சா பெரியாஸ்பத்திரியில வேலையா மிஸ்?" என்று கேட்கும் அம்மா அப்பாவுக்கும் தயவுசெய்து நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு வாய் வலிக்கிறது.

என்னைக் கூடுதலாக எரிச்சல்படுத்துவது இரண்டாவது வகை எஸ்.ஓ.பி. "எமது மக்கள் அறியாமையால் பூசாரியிடம் போகிறார்கள். நான் படித்து வந்து அவர்களைத் திருத்துவேன்." இதை வாசித்ததும் தெரிவுக்குழு மூடி வைத்துவிடும். மக்களைத் திருத்துவதற்கு முன், அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று கேட்கிற துறை இது. நோயாளியிடமே "இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், எதற்குப் பயப்படுகிறீர்கள்" என்று கேட்கச் சொன்னவர் மானிடவியலாளர் ஆர்தர் கிளைன்மன், அவர் உளமருத்துவரும்கூட. பேராதனையில் படித்து, அங்கேயே படிப்பித்து, பிறகு அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குப் போன மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1985இல் ஒரு கட்டுரை எழுதினார். மேற்கில் மனச்சோர்வு என்று பெயர் வைக்கும் உணர்வுகளை ஒரு சிங்கள பௌத்தர் உலகின் நிலையாமை பற்றிய சிந்தனையாகவே எடுத்துக்கொள்ளலாம், அதை நோய் என்று எப்படிச் சொல்வது என்று அதில் கேட்டார். அவர் ஆளைத் திருத்தக் கிளம்பவில்லை.

சரி, நம் மலைக்கு வருவோம். தேயிலைக் கொழுந்தெடுக்கும் ஒரு அம்மாவுக்குத் தோள் கடுப்பு. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போச்சு. அரைநாளில் மலையிலிருந்து இறங்கினால் சொன்ன கிலோ வராது, அரைப்பேர்தான். போய்ச் சேர்ந்தாலும் கேள்வி சிங்களத்தில் வருகிறது. கூட வந்த மகள்தான் மொழிபெயர்க்கிறாள். மகளுக்கு முன்னால் சொல்லக் கூசுகிற உபாதையை அந்த அம்மா விழுங்கிவிடுகிறார். வீட்டுக்கு வந்து எண்ணெய் தேய்த்து, மந்திரித்த கயிறு ஒன்றைக் கட்டிக்கொள்கிறார். இதில் அறியாமை எங்கே இருக்கிறது? கூலிக் கணக்கு இருக்கிறது, மொழி இருக்கிறது, வெட்கம் இருக்கிறது. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்புத் திட்டம் தோட்டங்களுக்கு வந்தபோதும், மருந்து குடித்தவர்கள் மலசலகூடம் இல்லாத லயத்துக்குத்தான் திரும்பிப் போனார்கள். புழுவும் திரும்பி வந்தது. எஸ்.ஓ.பி.யில் இப்படி ஒரு கேள்வியை எழுதுங்கள். லயத்தில் பட்ட கஷ்டத்தை மட்டும் இரண்டு பக்கத்துக்கு எழுதினால் வாசிப்பவர் இரக்கப்படுவார். அனுமதி கொடுக்கமாட்டார்.

அப்புறம் காசு விஷயம். வெளிநாட்டில் படிக்கத் தரும் செவனிங், பொதுநலவாய, புல்பிரைட் புலமைப்பரிசில்கள் எதற்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. நடுவில் ஏஜென்சியும் தேவையில்லை. பல ஏஜென்சிகளுக்குக் கமிஷன் பல்கலைக்கழகத்திடமிருந்து வருகிறது. கமிஷன் எங்கேயோ அங்கேதான் உங்களை அனுப்பப் பார்ப்பார்கள். எடின்பரோ, யு.சி.எல்., ஒக்ஸ்போர்ட் போன்ற இடங்களில் முதுமாணி ஒரு வருடம், புலமைப்பரிசில் இல்லாவிட்டால் கட்டணம் உங்கள் தலையில். அமெரிக்காவில் முதுமாணி இல்லாமலே நேரே பிஎச்டிக்கு விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதப்படியும் தருவார்கள், ஆனால் போட்டி கடுமை. செவனிங்குக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், முடித்ததும் நாடு திரும்பி இரண்டு வருடம் இருக்கவும் வேண்டும். காணி அடகு வைப்பதற்கு முன் இதையெல்லாம் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையத்தளத்தில் நீங்களே வாசியுங்கள். அந்தத் துறையில் தெற்காசியா பற்றியோ தொழிலாளர் உடல்நலம் பற்றியோ வேலை செய்கிறவர் ஒருவர்கூட இல்லையென்றால், பெயர் பெரிது என்பதற்காக அங்கே போடாதீர்கள்.

கடைசியாக, சிபாரிசுக் கடிதம். அமெரிக்க முடிவுத் திகதிகள் பெரும்பாலும் டிசம்பரில் வரும். நவம்பர் கடைசி இரவு பதினொரு மணிக்கு "மிஸ், ஒரு சின்ன லெட்டர்" என்று வாட்ஸ்அப் போடாதீர்கள் கண்ணுகளா. செப்டெம்பரிலேயே கேளுங்கள். எஸ்.ஓ.பி., பெறுபேற்றுப் பத்திரம், எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் திகதி, எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் ஞாபகப்படுத்துங்கள், நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.