பார்த்துவிட்டும் ஏன் யாரும் வாய் திறப்பதில்லை?

நேரில் அதிர்ந்துகூடப் பேசாத பையன், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கூடப் படிப்பவளைக் கூசாமல் கேலி செய்கிறான். முகம் தெரியாத தைரியம் என்பார்கள். ஆனால் அந்தக் குழுவில் அவன் யார் என்று எல்லாருக்கும் தெரியுமே!

இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வேறு விடை சொல்கிறது. முன்பின் அறியாத இருவர். ஒருவருக்கு மட்டுமே கிடைக்கக்கூடிய உயிர்காக்கும் மருந்து. அது யாருக்கு என்று சாட்டில் பேசி முடிவெடுக்க வேண்டும். சிலருக்குப் பெயரை மறைத்தார்கள், சிலருக்கு உருவத்தை, சிலருக்குக் கண்ணோடு கண் பார்க்கும் வாய்ப்பை. வசவும் மிரட்டலும் கூடியதற்கு முதன்மைக் காரணம் கடைசியாகச் சொன்னதுதான். எதிரில் இருப்பவரின் கண் கலங்குவதைப் பார்த்தால் நம் பேச்சு தானாகவே தணிகிறது. திரையில் அந்த பிரேக் கிடையாது.

சரி, சீண்டுபவன் ஒருவன். குழுவில் இருக்கும் மற்ற நாற்பது பேர்?

1968-இல் அமெரிக்க உளவியலாளர்கள் டார்லியும் லட்டானேயும் ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்து அறையில் பேசிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல ஒலி கேட்கும். தனக்கு மட்டுமே கேட்கிறது என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர், அவர் பேசி முடிப்பதற்குள்ளேயே உதவிக்கு எழுந்துவிட்டார்கள். இன்னும் நான்கு பேருக்கும் கேட்கிறது என்று நினைத்தவர்களில் 31 சதவீதம் பேர்தான். மனம் கல்லாகிவிடவில்லை, பொறுப்பு பங்கு பிரிந்துபோனது, அவ்வளவுதான். குழுவிலும் இதே கதைதான். அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு: ஒவ்வொருவரின் மௌனத்தையும் அந்தப் பெண் சம்மதம் என்றே படிப்பாள். சிரிப்பு எமோஜி போடுபவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மௌனம் கலைந்தால் என்ன ஆகும்? கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்த 2001-ஆம் ஆண்டு ஆய்வில், சக மாணவர் குறுக்கிட்ட தருணங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் பத்தே விநாடிக்குள் சீண்டல் நின்றது. பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கிவா' என்ற சீண்டல் தடுப்புப் பள்ளித் திட்டமும், வேடிக்கை பார்ப்பவர்களை மாற்றுவதையே மையமாக வைத்திருக்கிறது.

நீண்ட வாதமெல்லாம் வேண்டாம். "டேய், போதும் விடு" என்று ஒரு வரி போட்டால் அடுத்தவருக்கும் துணிச்சல் வரும். குழுவில் சொல்லப் பயமா? அவளுக்குத் தனியாக, "பார்த்தேன், நீ தப்பு பண்ணல" என்று அனுப்பலாம். பதிவை அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைப்பது நல்லது. பெற்றோர் ஒன்றை மட்டும் தவிர்க்கலாம்: விஷயம் காதுக்கு வந்ததும் போனைப் பிடுங்குவது. அதற்குப் பயந்தே பல பிள்ளைகள் வாயே திறப்பதில்லை.

வாட்ஸ்அப் செய்திகள் மறையாக்கம் செய்யப்பட்டவை. குழுவுக்குள் நடப்பதை நிறுவனத்தால் தானாகப் படிக்க முடியாது. உள்ளே இருக்கும் ஒருவர் புகார் பொத்தானை அழுத்தினால்தான் கடைசி ஐந்து செய்திகள் அங்கே போய்ச் சேரும். புகார் செய்தது யார் என்று எதிராளிக்குத் தெரியாது.