விரால் ஏன் ரப்பர் தவளையைக் கவ்வுகிறது?

கிருஷ்ணகிரி வட்டாரத்து ஏரிகளில் புரட்டாசி மழை ஓய்ந்த ஒரு காலையில் கரையோரம் நின்று பார்த்தால், அல்லி இலைகளுக்கு நடுவே நீர் ஒருமுறை புடைத்து அடங்குவதைக் காணலாம். விரால் மூச்சு வாங்கிச் சென்ற அடையாளம் அது. செவுள் மட்டும் விராலுக்குப் போதாது. தலைக்குள் இருக்கும் தனி உறுப்பின் வழியாகக் காற்றையும் சுவாசித்தாக வேண்டும் என்பதால், அது அடிக்கடி மேலே வருகிறது. செயற்கை இரையான லூரை வீசிப் பழக விரும்புபவர், கடையில் தொங்கும் வண்ணங்களைப் பார்ப்பதற்கு முன் இந்த அடையாளத்தைப் பார்க்கப் பழக வேண்டும்.

எல்லா மீனும் லூரைக் கவ்வாது. கட்லா நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்துத் தின்கிறது. ரோகு பெரும்பாலும் பாசியையும் தாவரங்களையும் மேய்கிறது. அணைகளில் அதிகம் விடப்படும் இந்த மீன்களுக்கு மாவு உருண்டைதான் ஏற்றது. விரால், வாளை போலத் துரத்தி இரை பிடிக்கும் மீன்களுக்கே லூர்.

அந்த மீன்கள் இரையைக் கண்ணால் மட்டும் அறிவதில்லை. விராலின் செவுள் மூடிக்குப் பின்னாலிருந்து வால்வரை விலாவில் ஓடும் மெல்லிய கோட்டைக் கூர்ந்து பார்த்தால், அது வரிசையாக அமைந்த நுண்துளைகள் என்பது தெரியும். அத்துளைகளுக்குள், கூழ் போன்ற உறைக்குள் பொதிந்த நுண்மயிர் செல்கள் இருக்கின்றன. அருகில் ஏதேனும் அசைந்து நீரைத் தள்ளும்போது அவ்வுறை சாய்கிறது, மயிர்கள் வளைகின்றன, உடனே நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகிறது. பக்கக்கோடு எனப்படும் இந்தப் புலன் மீனின் உடல் நீளத்தைப் போல ஓரிரு மடங்கு தூரத்துக்குள்தான் நன்றாக வேலை செய்யும் என்றாலும், கலங்கிய நீரிலும் இருளிலும் மீன் குறி தவறாமல் பாய்வதற்கு அதுவே காரணம். ஆகவே லூர் அச்சு அசலாக மீனைப் போல இருப்பதைவிட, மீனைப் போல நீரைத் தள்ளுவதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

இழுக்கும்போது உலோகத் தகடு சுழலும் லூர் வகை ஸ்பின்னர். அதன் தகட்டை இந்தக் கண்ணோட்டத்தில் தேர்ந்தெடுக்கலாம். வட்டமான தகடு அகலமாகச் சுழன்று நீரை வலுவாக அதிரவைக்கும். குறுகிய இலை வடிவத் தகடு கம்பியை ஒட்டியபடி வேகமாகச் சுழன்று, அதிர்வைக் குறைத்து மினுமினுப்பைக் கூட்டும். தென்பெண்ணை பாசி படர்ந்து பச்சையாக இருக்கும்போதும், ஒகேனக்கல்லில் காவிரி செந்நிறமாக வரும்போதும் வட்டத் தகடுதான் கைகொடுக்கும். தெளிந்த நீரில் ஆழம் கூடக்கூடச் சிவப்பொளிதான் முதலில் மறையும். ஆழத்தில் சிவப்பு லூர் கறுத்தே தெரியும்.

காவிரியில் வீசுபவர் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த ஆற்றுப் படுகைக்கே உரிய கூன்முதுகு மகசீர், அழிவின் விளிம்பில் உள்ள மீன் இனம். அது சிக்கினால் நீரிலேயே வைத்துத் தூண்டில் முள்ளை எடுத்து விட்டுவிட வேண்டும்.

புல்லும் இலையும் அடர்ந்த இடத்தில் உள்ளீடற்ற ரப்பர் தவளை வடிவ லூர்தான் வேண்டும். அதன் இரட்டை முள் முதுகை ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் இலையில் சிக்காது; மீன் கவ்வி ரப்பர் அமுங்கும்போதுதான் முள் வெளிப்படும். புதியவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்: நீர் தெறித்த சத்தம் கேட்டதும் தூண்டிலைச் சுண்டிவிடுகிறார்கள், தவளை வெறுமனே பறந்து வருகிறது. தூண்டில் நரம்பு இறுகிக் கையில் கனம் தெரியும்வரை ஓரிரு நொடி பொறுத்துச் சுண்ட வேண்டும். விராலின் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே மொய்த்தால் அங்கே வீசவே கூடாது; அடியில் தாயும் தந்தையும் காவல் இருக்கும், அவற்றைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.

திறந்த நீரில், வாயருகே நாக்கு போன்ற தகடு உள்ள லூரைப் போடலாம். இழுக்கும்போது நீர் அத்தகட்டை அழுத்துவதால் லூர் மூழ்குகிறது. தகட்டின் இருபுறமும் மாறி மாறிச் சுழிகள் உருவாவதால் உடல் இடமும் வலமுமாக ஆடுகிறது. நீண்ட தகடு உடலுக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தால் ஆழமாகவும், குட்டையான தகடு கீழ்நோக்கி மடிந்திருந்தால் மேலாகவும் ஓடும். வீசுவதற்கு முன் கரையோரத் தெளிந்த நீரில் ஒரு முழம் இழுத்துப் பாருங்கள். லூர் வலப்பக்கம் சாய்ந்து ஓடினால், நரம்பு கட்டும் கம்பி வளையத்தைக் குறட்டால் இம்மியளவு இடப்பக்கம் வளைத்து, மறுபடியும் இழுத்துப் பார்க்க வேண்டும்.