ஜிமிக்கி தெளிவு, கண் மங்கல்: 85 எம்எம் லென்ஸைக் கையில் பிடித்து எடுப்பவர்களுக்கு

"அண்ணே, லென்ஸ்ல ஏதோ கோளாறு, ஷார்ப்பாவே விழமாட்டேங்குது" என்று புது 85 எம்எம் எஃப் 1.4 லென்ஸோடு (எஃப் எண் சிறிதானால் லென்ஸ் அகலமாகத் திறக்கும்) வரும் தம்பிகள் இப்போது மதுரையில் அதிகம். படத்தைக் கம்ப்யூட்டரில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் பெரும்பாலும் லென்ஸில் ஒரு குறையும் இருக்காது. மணப்பெண்ணின் ஜிமிக்கி அப்பட்டமாகத் தெளிந்திருக்கும், கண்தான் மங்கியிருக்கும். சர்வீஸுக்கு அனுப்பிக் காசைக் கரைக்கும் முன் அது எந்த வகை மங்கல் என்று பார்க்கப் பழகுங்கள்.

காதோ மூக்கு நுனியோ தெளிவாக இருந்து கண் மட்டும் மங்கினால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எந்த இடமுமே தெளியாமல், விளக்குப் புள்ளிகள் எல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. உட்கார்ந்த நாற்காலி தெளிவாக இருந்து முகம் மட்டும் இழுபட்டிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். ஸ்டெபிலைசேஷன் என்ற அதிர்வு தடுக்கும் வசதி இதில் கை ஆட்டத்துக்கு மட்டும்தான் மருந்து. கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

என்னிடம் வரும் படங்களில் முக்கால்வாசி முதல் வகைதான். கணக்கைப் பாருங்கள். ஃபுல் ஃபிரேம் (பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் 85 எம்எம் லென்ஸை எஃப் 1.4-இல் வைத்து 2 மீட்டரில் இருப்பவரை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் நாலரை செ.மீ. முகத்தைப் பாதி திருப்பினாலே ஒரு கண் மற்றதைவிட ஏறக்குறைய 4 செ.மீ. பின்னால் போய்விடும். 135 எம்எம் எஃப் 2 என்றால் அதே தூரத்தில் இரண்டரை செ.மீ.தான். நின்றபடி எடுக்கும் நீங்களும் மூச்சு விடும்போது முன்னும் பின்னும் ஆடுவீர்கள், எதிரில் இருப்பவரும் ஆடுவார்.

நடுப் புள்ளியில் கண்ணைப் பிடித்து, பட்டனைப் பாதி அழுத்தி, அப்புறம் கேமராவைச் சாய்த்து ஃபிரேம் செய்யும் பழக்கம் இந்த லென்ஸுக்கு ஆகாது. 2 மீட்டரில் 10 டிகிரி சாய்த்தாலே ஃபோகஸ் கண்ணுக்குப் பின்னால் 3 செ.மீ. தள்ளி விழும். ஜிமிக்கி தெளிந்தது இப்படித்தான். ஃபோகஸ் புள்ளியையே கண்மேல் நகர்த்தி, ஆள் அசைய அசையப் பின்தொடரும் தொடர் ஃபோகஸில் வைத்து, மூன்று நான்கு படமாகச் சேர்த்துத் தட்டுங்கள். கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இருந்தால் நல்லது. ஆனால் அதுவும் கண்ணாடி ஃபிரேமைப் பிடித்துக்கொண்டு ஏமாற்றும்.

அதைவிட எளிது, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, கொஞ்சம் மூடுவது. 85 எம்எம்மில் எஃப் 2.8 வைத்தால் அதே ஆழம் 9 செ.மீ. ஆகிவிடும். பின்னணி கரையாதே என்பார்கள். வண்டியூர் தெப்பக்குளத்துச் சுவரோரம் ஒருவரை நிறுத்திப் பாருங்கள். மைய மண்டபம் தண்ணீருக்கு அந்தப் பக்கம் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது, 2.8-இலும் கரையத்தான் செய்யும். எஃப் 1.4-ஐ வெளிச்சம் போதாத நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் அது தொல்லை: ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100-இலேயே ஷட்டர் 1/12800 நொடி கேட்கும். பல கேமராக்களின் மெக்கானிக்கல் ஷட்டர் 1/8000-ஐத் தாண்டாது. நிழலுக்குப் போங்கள், இல்லையென்றால் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் மாட்டுங்கள்.

ஷட்டருக்கு என் வழக்கம், லென்ஸின் எம்எம் எண்ணை இரண்டால் பெருக்கி, அதற்கு அடுத்து வரும் வேகத்தை வைப்பது. 85-க்கு 1/200, 135-க்கு 1/320, குழந்தைகள் என்றால் 1/500. இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில், முழங்கைகள் விலாவோடு.

இந்தக் கணக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியுமுன் இடறும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் பல நொடிக்கு 100 முறை மின்னும். எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/250 வைத்தால் பூக்கட்டும் அம்மாவின் முகத்தில் வரிவரியாகக் கோடு விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, ஃப்ளிக்கர் குறைக்கும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் சரிவரவில்லை என்றால் 1/100-க்கு இறங்கி, தூணில் சாய்ந்து, அவர் கை நிற்கும் கணத்தில் எடுங்கள். ஸ்டெபிலைசேஷன் உண்மையிலேயே உதவும் இடம் அதுதான். முழுக்கத் திறந்த லென்ஸில் மல்லிகையின் வெள்ளை ஓரத்தில் ஊதாவும் பச்சையும் ஒட்டும். ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) மூடினால் பெருமளவு போய்விடும்.

எஃப் 1.2-தான் வேண்டும் என்று கடன் வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். சோனியின் 85 எஃப் 1.8 லென்ஸ் 371 கிராம், அவர்களுடைய உயர்ரக ஜிஎம் வரிசையின் முதல் 85 எஃப் 1.4 லென்ஸ் 820 கிராம். முகூர்த்தத்தில் தொடங்கி மறுவீடு வரை கையில் தூக்குகிறவருக்கு அந்த வித்தியாசம் மணிக்கட்டில் தெரியும், மணிக்கட்டு சோர்ந்தால் ஷேக்கும் வரும். சென்சார் சிறிதான கிராப் கேமரா வைத்திருந்தால் 50 எம்எம் எஃப் 1.8 போதும். 135 ஆசை இருந்தால் முதலில் வாடகைக்கு எடுத்து ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோங்கள். ஃபுல் ஃபிரேமில் ஆளை முழுசாக எடுக்க அதற்கு ஏழு மீட்டர் வேண்டும். நம்மூர் மண்டபங்களில் அந்த ஏழு மீட்டருக்குள் வீடியோக்காரரும் மாமன்மாரும் நிற்பார்கள்.