உந்துவது காற்று, திருப்புவது கை

பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டு அடுக்களையில், பாட்டி காலத்துப் பித்தளைச் சொம்பு ஒன்றும் அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் டம்ளர்களும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. இரண்டிலும் பெயர் வெட்டியிருக்கிறது. ஆனால் வெட்டிய விதம் வேறு. சொம்பில் இருப்பது உளியால் உலோகத்தைச் சீவி எடுத்த பள்ளம். நகத்தை ஓட்டிப் பார்த்தால் அதன் இரு சுவர்களும் தட்டுப்படும். டம்ளரில் இருப்பதோ நெருக்கமான புள்ளிகளின் வரிசை. பாத்திரக் கடைகளில் பெயர் வெட்டும் மின்கருவிக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று மாறுவதால் காந்தம் நொடிக்கு 100 முறை இழுத்து விடுகிறது; அதனால் ஊசி நிமிடத்துக்கு 6,000 முறை குத்துகிறது. குத்துப்பட்ட இடத்தில் உலோகம் நசுங்கி ஒதுங்குகிறதே தவிர, சீவலாக வெளியே வருவதில்லை. சொம்பில் உள்ளதைப் போல வெட்டப் பழக வேண்டும் என்ற ஆசையால், ஓராண்டுக்கு முன்பு காற்றால் இயங்கும் செதுக்குளி ஒன்றை வாங்கினேன்.

கையால் நகாசு வேலை செய்யும் பத்தர், உளியின் குமிழை உள்ளங்கையில் பதித்துத் தள்ளுகிறார். உலோகம் வெட்டுப்பட வேண்டுமானால் முனையில் உள்ள அழுத்தம் ஒரு வரம்பைத் தாண்ட வேண்டும். தாண்டும் வரை உளி நகராது; தாண்டிய கணத்தில், கைத்தசையில் தேங்கியிருந்த விசை முழுவதும் விடுபட்டு உளி வழுக்கி ஓடப் பார்க்கும். ஆகவே அதே கை தள்ளவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும், வளைவில் திருப்பவும் வேண்டும். இந்த மூன்றையும் ஒருங்கே செய்யப் பழகுவதற்குத்தான் ஆண்டுக்கணக்கில் காலம் பிடிக்கிறது. சிறு சுத்தியலால் உளியைத் தட்டி வெட்டுவது இன்னொரு முறை. அதில் வழுக்கும் அபாயம் குறைவு, ஆனால் இரண்டு கைகளும் வேலையில் மாட்டிக்கொள்வதால் பொருளைத் திருப்பக் கை மிஞ்சாது.

காற்றுளி அந்தச் சுத்தியலைக் கைப்பிடிக்குள்ளேயே வைத்துவிடுகிறது. உள்ளங்கையில் அடங்கும் கைப்பிடிக்குள் ஓர் உருளை, அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் சிறிய பிஸ்டன், முன்புறத்தில் உளி செருகும் இடம்: அமைப்பு இவ்வளவே. ஒரு வகையில், வெளியே உள்ள பெட்டியில் சுழலும் வால்வு காற்றைத் துடிப்புகளாக நறுக்கி அனுப்புகிறது. துடிப்பு வரும்போது பிஸ்டன் முன்னே பாய்ந்து உளியின் அடியில் மோதுகிறது, இடைவெளியில் சுருள்வில் அதைப் பின்னே தள்ளுகிறது. மற்றொரு வகையில் காற்று இடைவிடாமல் வருகிறது. பிஸ்டனே தன் ஓட்டத்தால் உருளையில் உள்ள துளைகளை மாறி மாறித் திறந்து மூடி, காற்று எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த இரண்டாவது ஏற்பாடு எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது. மின்சாரமோ சுவிட்சோ இல்லாமல், ஓர் உலோகத் துண்டு தன் அசைவாலேயே தன் அடுத்த அசைவை உண்டாக்கிக்கொள்கிறது. கல் செதுக்கவும் ரிவெட் அடிக்கவும் இத்தகைய காற்றுச் சுத்தியல்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்துவிட்டன. அந்தத் தத்துவத்தை நகை வேலைக்கு ஏற்ற அளவுக்குச் சிறிதாக்கி, 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவச் செய்தவர்களுள் முக்கியமானவர், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து எம்போரியா நகரைச் சேர்ந்த டான் கிளேசர்.

சில கிராம் எடையுள்ள பிஸ்டன் எப்படிப் பித்தளையை வெட்டுகிறது என்பதை ஒரு மாதிரிக் கணக்கால் பார்க்கலாம். 5 கிராம் பிஸ்டன் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்து மோதி, ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடுவதாகக் கொள்வோம். உந்தத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி விசை 100 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 10 கிலோ எடையை உளி முனையில் ஏற்றியதற்குச் சமம். ஆனால் அந்த அடியில் உள்ள ஆற்றல் 0.01 ஜூல்தான், முழுவதும் வெட்டுக்கே போனாலும் உளி 0.1 மில்லிமீட்டருக்கு மேல் முன்னேற முடியாது. வெட்டுவதற்குப் போதிய விசை உண்டு, வழுக்கி ஓடுவதற்குப் போதிய ஆற்றல் இல்லை என்பதுதான் இதன் சூட்சுமம். நொடிக்கு 50 முறை அடி விழுந்தால் உளி ஒரே சீராக ஊர்வதாகக் கைக்குத் தோன்றும். காலடியில் உள்ள பெடலை அழுத்த அழுத்தக் காற்று கூடி அடி வலுக்கும். இப்படித் தள்ளும் பொறுப்பு கையை விட்டு நீங்கிவிடுவதால், கைக்கு உளியின் சாய்வைக் காக்கும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது.

அந்த ஒரு வேலையிலேயே நான் தடுமாறினேன். முதல் வாரத்தில் பித்தளைத் தகட்டில் நான் வெட்டிய கோடுகள் ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் கீறலாகவும் இருந்தன. காற்றழுத்தம் போதவில்லை என்று எண்ணிக் கூட்டிக்கொண்டே போனேன். தங்கசாலைத் தெருப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் முதிய பத்தர் ஒருவரிடம் தகட்டைக் காட்டினேன். அவர் தகட்டைப் பார்க்கவில்லை. உளியை வாங்கித் தம் கட்டைவிரல் நகத்தின் மேல் சாய்வாக வைத்தார். அது வழுக்கியது. “வாய் மழுங்கிப்போச்சு தம்பி, நீ அடிச்சு அடிச்சுத் தள்ளியிருக்கே” என்றார். கூரான முனை நகத்தில் பற்றி நிற்கும். மழுங்கிய முனைக்குக் காற்றைக் கூட்டினால் உலோகம் வெட்டுப்படாமல் கிழிபடும். கையால் தள்ளியிருந்தால் தோளே சொல்லியிருக்கும் செய்தியைக் காற்று மறைத்துவிடுகிறது. புதிதாகப் பழகுபவருக்கு இக்கருவியில் உள்ள பெரிய ஆபத்து இதுவே என்று கருதுகிறேன். இப்போது வெட்டும் நேரத்துக்குக் குறையாத நேரத்தை வைரத்தூள் பூசிய தட்டில் உளி தீட்டுவதற்குச் செலவிடுகிறேன்.

எவர்சில்வர் டம்ளரில் முயன்றபோது முனை ஒடிந்தே போனது. அந்த வகை எஃகு, மழுங்கிய முனை உரசும்போது உரசிய இடத்திலேயே மேலும் கெட்டிப்படும் இயல்புடையது. முதல் அடி வெட்டாமல் தேய்த்துவிட்டால், இரண்டாவது அடி முன்னைவிடக் கடினமான பரப்பைச் சந்திக்கிறது. பழகுவதற்குப் பித்தளையே ஏற்றது. செம்பு மென்மையானதாயினும் முனையில் ஒட்டி இழுக்கும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் கடலை ஒட்டிய எங்கள் பகுதியில் அது ஈரம் மிகுந்தது. 30 டிகிரி வெப்பத்தில் 70 சதவீத ஈரப்பதம் இருந்தால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 21 கிராம் நீராவி இருக்கும். உளிக்குக் காற்றை அமுக்கித் தரும் கம்ப்ரசர் அதை வளிமண்டல அழுத்தத்தைப் போல் 7 மடங்காக அமுக்கும்போது, 7 கன மீட்டரின் 147 கிராம் நீராவி ஒரே கன மீட்டருக்குள் நெருக்கப்படுகிறது. பழைய வெப்பநிலைக்கு ஆறியபின் அவ்விடத்தில் சுமார் 30 கிராமே ஆவியாக நிற்கும், மிச்சம் தண்ணீராக இறங்கிவிடும். கம்ப்ரசரின் 24 லிட்டர் தொட்டி ஒரு முறை நிரம்பினாலே ஏறத்தாழ 3 கிராம் தண்ணீர் சேரும் என்றால், நாள் முழுவதும் ஓடும் கம்ப்ரசரில் எவ்வளவு சேரும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்த ஈரம் குழாய் வழியே கைப்பிடிக்குள் போனால், மயிரிழை இடைவெளியில் ஓடும் பிஸ்டன் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். மழைக்காலத்தில் எனக்கு இரண்டு முறை அப்படி நின்றது. இப்போது நடுவில் நீர் பிரிக்கும் வடிகட்டி பொருத்தியிருக்கிறேன்; மாலைதோறும் தொட்டியின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடிக்கிறேன்.

நேர்கோடு ஓரளவு வசப்பட்டபின் தமிழ் எழுத்துக்கு வந்தேன். நம் எழுத்துகளில் வளைவு மிகுதி. வளைவை வெட்டும்போது உளியைத் திருப்பக் கூடாது; வலக்கை அசையாமல் நிற்க, பந்து வடிவ அடிப்பகுதி கொண்ட கனத்த வைஸில் பொருளைப் பிடித்து, இடக்கையால் வைஸைச் சுழற்ற வேண்டும். அப்படிச் செய்தும் என் ‘ழ’வின் சுழியில் வெளிப்புறச் சுவர் மட்டும் சொரசொரப்பாகவே வந்தது. குற்றம் உளியின் குதிகாலில் இருந்தது. முனைக்கு அடியில், உளியை வேண்டிய சாய்வில் தாங்குவதற்காகத் தீட்டப்படும் சிறு சரிவு அது. முனை வளைந்து போனாலும் குதிகால் நேரான துண்டு; அதன் பின்கோடி வளைவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு சுவரைத் தேய்க்கிறது. அந்த நீட்டம் ஏறத்தாழ, குதிகால் நீளத்தின் வர்க்கத்தை ஆரத்தின் இரு மடங்கால் வகுத்த அளவு. 2 மில்லிமீட்டர் ஆரமுள்ள சுழியில் 1 மில்லிமீட்டர் குதிகால் 0.25 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும், குதிகாலை 0.3 மில்லிமீட்டராகக் குறைத்தால் நீட்டம் 0.02 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். சென்ற வாரம் அப்படித் தீட்டி, பாட்டியின் சொம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பித்தளைத் தகட்டில் மீண்டும் ஒரு ‘ழ’ வெட்டினேன். சுழியின் இரண்டு சுவர்களும் நகத்துக்கு வழவழப்பாகத் தட்டுப்பட்டன.